பெட்டியில் 650 வாட், மீட்டரில் எவ்வளவு?

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தரும் கடைகளில் தவறாமல் காதில் விழும் கேள்வி இது: "அண்ணே, 650 வாட் எஸ்எம்பிஎஸ் போட்டா கரண்ட் பில் எகிறிடாதா? 450 போதாதா?" கேட்பவருக்குப் பணத்தின் அருமை தெரியும். பதில் சொல்பவரும் சில நேரம், "ஆமா தம்பி, அது கொஞ்சம் கூடத்தான் இழுக்கும்" என்று தலையாட்டிவிடுகிறார். அந்த ஒரு தலையாட்டலில் நல்ல எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை, அலமாரிக்குத் திரும்பிப் போகிறது. எடை குறைந்த, பெயர் தெரியாத பெட்டி ஒன்று வீட்டுக்கு வருகிறது. மின்கட்டணம் ஒரு ரூபாய்கூடக் குறைவதில்லை.

650 வாட் என்பது அந்தப் பெட்டியால் அதிகபட்சம் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதற்கான அளவு. எவ்வளவு எடுக்கிறது என்பதற்கான அளவு அல்ல. மொட்டைமாடியில் 1,000 லிட்டர் தொட்டி வைத்த வீட்டில் தினமும் 1,000 லிட்டரும் செலவாவதில்லை. குழாயைத் திறந்த அளவுக்குத்தான் தண்ணீர் போகும். இங்கே குழாயைத் திறப்பவை பிராசசர், கிராபிக்ஸ் கார்டு, மதர்போர்டு, டிஸ்க், மின்விசிறிகள். அவை கேட்பதைத்தான் எஸ்எம்பிஎஸ் சுவரிலிருந்து எடுத்துத் தருகிறது. கூடவே தன் பங்குக்குக் கொஞ்சம் வெப்பமாக இழக்கிறது.

இதற்கு ஆப்பிள் நிறுவனமே வெளியிட்ட கணக்கு ஒன்று நல்ல சாட்சி. 2018இல் வந்த மேக் மினியிலும், 2020இல் எம்1 சில்லுடன் வந்த மேக் மினியிலும் உள்ளே இருந்தது 150 வாட் பவர் சப்ளைதான். பழையது இன்டெல் ஐ7 சில்லுடன் சும்மா இருக்கும்போது ஏறக்குறைய 20 வாட்டும், முழு வேலையில் 122 வாட்டும் எடுத்தது. புதியதோ சும்மா இருக்கும்போது 6.8 வாட், முழு வேலையில் 39 வாட். பவர் சப்ளையின் அளவு இரண்டிலும் ஒன்றுதான். மின்சாரச் செலவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததற்குக் காரணம் சில்லு.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

சுவரிலிருந்து வருவது 230 வோல்ட் மாறுமின்சாரம். கம்ப்யூட்டருக்கு வேண்டியது 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரம். எஸ்எம்பிஎஸ் முதலில் வரும் மின்சாரத்தை நேராக்குகிறது. அப்போது அது 325 வோல்ட் அளவுக்கு ஏறிவிடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்னழுத்தம் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் சற்று நேரம் தங்கும் என்பதால், பழக்கமில்லாதவர் அந்தப் பெட்டியைத் திறக்கவே கூடாது. அடுத்து, டிரான்சிஸ்டர்கள் அந்த மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி அனுப்புகின்றன. இவ்வளவு வேகமாக வெட்டுவதால்தான் உள்ளங்கைக்குள் அடங்கும் சிறிய டிரான்ஸ்பார்மரே போதுமானதாகிறது. 12 வோல்ட் தேவை கூடினால் ஒவ்வொரு வெட்டிலும் கூடுதல் நேரம் மின்சாரம் பாயும்; குறைந்தால் பாயும் நேரமும் குறையும். கேட்காத மின்சாரத்தை வலியத் திணிக்கும் வழியே இந்த அமைப்பில் இல்லை.

1981இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் பர்சனல் கம்ப்யூட்டரில் இருந்த பவர் சப்ளை 63.5 வாட் மட்டுமே. 1983இல் அதே நிறுவனத்திடமிருந்து வந்த எக்ஸ்டி மாடலில் அது 130 ஆனது. ஹார்ட் டிஸ்க் சேர்ந்ததும், கூடுதல் கார்டுகளுக்கு இடம் விட வேண்டியிருந்ததும் அதற்குக் காரணம். இன்றைக்கு 650, 850 என்று கடைகளில் நிற்பவை பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டை மனத்தில் வைத்துச் செய்தவை. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு ஒன்றுக்கே நிறுவனம் குறித்திருக்கும் அளவு 450 வாட். ஆர்டிஎக்ஸ் 3060க்கு 170. ஆர்டிஎக்ஸ் 4060க்கு 115. மதர்போர்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் ஜிடிஎக்ஸ் 1650க்கு 75. கார்டே இல்லாத அலுவலகக் கம்ப்யூட்டருக்கு இந்தக் கணக்கு எதுவுமே பொருந்தாது.

லேபிளைப் படிப்பது

எஸ்எம்பிஎஸ் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளில் இரண்டு இடங்கள் ஆளைக் குழப்பும். முதலாவது, '230 வோல்ட், 5 ஆம்பியர்' போன்ற வரி. 230ஐ 5ஆல் பெருக்கி, "ஐயோ, 1,150 வாட்டா!" என்று பதறுபவர்கள் உண்டு. அது ஒயரும் பியூசும் தாங்க வேண்டிய உச்சபட்ச மின்னோட்டம். அன்றாடம் அதன் அருகில்கூடப் போகாது.

இரண்டாவது இடம்தான் முக்கியம். கீழே ஒரு கட்டத்தில் 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று தனித்தனியாக ஆம்பியர் போட்டிருக்கும். இன்றைய பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் ஏறக்குறைய முழுவதும் 12 வோல்ட் வரிசையிலிருந்துதான் எடுக்கின்றன. ஆகவே அந்த ஆம்பியரை 12ஆல் பெருக்கிப் பார்க்க வேண்டும். மேலே கொட்டை எழுத்தில் 450 என்றிருக்க, கீழே 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர் என்றிருந்தால், நம்பக்கூடிய அளவு 192 வாட்தான். நல்ல தயாரிப்பில் 450 என்றால் 12 வோல்ட் வரிசை மட்டுமே 400 வாட்டை ஒட்டி வரும். விலை குறைந்த பெட்டியையும் தரமான பெட்டியையும் பிரித்தறிய இதைவிட எளிய சோதனை கிடையாது. கடையில் நின்றபடியே அரை நிமிடத்தில் செய்துவிடலாம்.

மூன்று மேசைகள்

முதல் மேசையில் ஒரு கணக்கர். கோர் ஐ5-12400 பிராசசர், 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. டேலியும் எக்செலும் திறந்திருக்கின்றன, பிரவுசரில் நாலைந்து பக்கங்கள். இப்படிப்பட்ட கம்ப்யூட்டர் சுவரிலிருந்து எடுப்பது பெரும்பாலான நேரம் 30 முதல் 50 வாட் வரைதான். பெரிய வீடியோ ஒன்றை மாற்றக் கொடுத்தால் 100 வாட்டைத் தாண்டும். வேலை முடிந்ததும் இறங்கிவிடும். 22 அங்குல எல்இடி மானிட்டருக்கு ஏறக்குறைய 20 வாட். இரண்டும் சேர்ந்தால்கூடப் பழைய பாணி சீலிங் ஃபேன் ஒன்று எடுக்கும் 75 வாட்டை எட்டாது.

இரண்டாவது மேசையில் கல்லூரி மாணவர் ஒருவர் இரவு மூன்று மணி நேரம் கேம் ஆடுகிறார். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு 170 வாட், பிராசசருக்கு 70, மதர்போர்டு, ராம், விசிறிகள் எல்லாம் சேர்த்து 40. உள்ளே தேவைப்படுவது 280 வாட். எஸ்எம்பிஎஸ்ஸின் இழப்பையும் சேர்த்தால் சுவரிலிருந்து 320 வாட் அளவில் போகும். கேமை மூடிவிட்டு அதே கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்டால் 60, 70 வாட்டுக்கு இறங்கிவிடும். பெட்டி அதேதான், 650 வாட் லேபிளும் அதேதான். செலவு மட்டும் ஐந்து மடங்கு ஏறி இறங்குகிறது.

மூன்றாவது மேசையில் இருப்பது பலரும் கவனிக்காத ஒன்று: ஒரு மூலையில் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய பென்டியம் 4. 2004இல் வந்த பிரெஸ்காட் வகைச் சில்லுகளில் வேகமானவை 115 வாட் வரை கேட்டன. சும்மா இருக்கும்போது அடங்கிக்கொள்ளும் பழக்கமும் அவற்றுக்குக் குறைவு. கூடவே 17 அங்குல சிஆர்டி மானிட்டர் இருந்தால் அதற்குத் தனியாக 70 வாட்டுக்கு மேல். அதில் இருந்திருக்கக்கூடிய பவர் சப்ளை 300 வாட். எண்ணை மட்டும் பார்த்தால் மாணவரின் 650 வாட் பெட்டியைவிட இது சிக்கனமாகத் தெரியும். ஆனால் வெறும் தட்டச்சு வேலைக்கு மாணவரின் கம்ப்யூட்டர் எடுப்பதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இது எடுத்துக்கொள்ளும்.

தங்கமும் வெண்கலமும்

எஸ்எம்பிஎஸ் சுவரிலிருந்து 100 வாட் எடுத்து உள்ளே 80 வாட் கொடுத்தால் அதன் திறன் 80 சதவீதம். மீதி 20 வாட் வெப்பமாகிப் பின்பக்க விசிறி வழியே வெளியேறும். 2004இல் அமெரிக்காவில் தொடங்கிய 80 ப்ளஸ் என்ற சான்றிதழ் இதைத்தான் அளக்கிறது. 20, 50, 100 சதவீதச் சுமைகளில் திறன் 80க்குக் குறையக் கூடாது என்பது அடிப்படை விதி. 115 வோல்ட் சோதனையில் பாதிச் சுமையில் ப்ரான்ஸ் என்றால் 85 சதவீதம், கோல்டு என்றால் 90. நம் ஊர் 230 வோல்ட்டில் அதே பெட்டி ஓரிரு சதவீதம் கூடுதலாகவே திறன் காட்டும்.

மாணவரின் 280 வாட் தேவையை இதில் பொருத்திப் பார்க்கலாம். ப்ரான்ஸ் பெட்டி சுவரிலிருந்து 329 வாட் எடுக்கும், கோல்டு 311. வித்தியாசம் 18 வாட். தினமும் மூன்று மணி நேரம், ஆண்டு முழுவதும் ஆடினாலும் மிச்சமாவது 20 யூனிட். யூனிட்டுக்கு 8.55 ரூபாய் என்ற உயர்ந்த விலையிலேயே கணக்குப் போட்டாலும் 171 ரூபாய்தான். இரண்டுக்கும் இடையே ஆயிரம் ரூபாய் விலை வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், அதை மின்கட்டணத்தில் மீட்க ஏறக்குறைய ஆறு ஆண்டு ஆகும். கோல்டு வாங்குவது நல்லதுதான். நல்ல கெபாசிட்டர், அமைதியான விசிறி, நீண்ட வாரண்டி எல்லாம் பெரும்பாலும் அதோடு சேர்ந்தே வரும். ஆனால் கரண்ட் பில்லைக் காரணம் காட்டி அதை விற்பது சரியல்ல.

"கரண்ட் கூட இழுக்கும்" என்று சொன்ன கடைக்காரரின் பேச்சில் துளி உண்மை ஒளிந்திருக்கும் இடம் ஒன்று உண்டு. 20 சதவீதத்துக்கும் கீழான சுமையில் எஸ்எம்பிஎஸ்ஸின் திறன் சரியும். 40 வாட் மட்டுமே கேட்கும் கணக்கர் கம்ப்யூட்டருக்கு 850 வாட் பெட்டி போட்டால், அது ஐந்து சதவீதச் சுமையில் ஓடும்; சில வாட் வீணாகும். அந்தச் சில வாட்டுக்காக மட்டமான பெட்டியைத் தேடிப் போவதில்தான் தவறு இருக்கிறது. மட்டமான பெட்டி எந்தச் சுமையிலும் 70 சதவீதத்தைத் தாண்டாமல் போகலாம். அலுவலகக் கம்ப்யூட்டருக்குத் தரமான 400 அல்லது 450 வாட் தாராளம்.

வீட்டு மீட்டரே அளவுகோல்

வாட் மீட்டர் என்று பிளக்கில் மாட்டும் சிறு கருவி கிடைக்கிறது. சுவருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் செருகினால் வாட்டையும் யூனிட்டையும் நேராகக் காட்டிவிடும். அது இல்லாவிட்டாலும் குறையில்லை. மின்வாரியம் பொருத்தியிருக்கும் எலக்ட்ரானிக் மீட்டரே இந்த வேலையைச் செய்யும்.

மீட்டர் முகப்பில் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டு மினுக்கும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். 3200 என்பது பரவலாகக் காணும் எண். அதாவது 3,200 தடவை மினுக்கினால் ஒரு யூனிட். வீட்டில் ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், விசிறி, விளக்கு அனைத்தையும் அணைத்துவிட்டுக் கம்ப்யூட்டரை மட்டும் ஓட விட வேண்டும். ஒருவர் மேசையில் இருக்க, இன்னொருவர் மீட்டருக்கு முன்னால் நின்று செல்போனில் வீடியோ எடுத்தால் போதும். ஒரு மினுக்கல் தொடங்கி அதற்குப் பின் பத்தாவது மினுக்கல் வரை எத்தனை நொடி என்று பார்த்து, 11,250ஐ அந்த நொடியால் வகுத்தால் வாட் கிடைத்துவிடும். 150 நொடி ஆனால் 75 வாட். கேம் ஓடும்போது 35 நொடியில் பத்து முடிந்தால் 321 வாட். மீட்டரில் 1600 என்றிருந்தால் 11,250க்குப் பதில் 22,500. ஃபிரிட்ஜை அணைக்க முடியாதவர்கள் அது ஓடாமல் நிற்கும் இடைவேளையில் அளக்கலாம். மற்ற சிறு சாதனங்கள் இருந்தால், கம்ப்யூட்டரை அணைத்த நிலையில் ஒருமுறை அளந்து கழித்துக்கொள்ளலாம்.

கிளாம்ப் மீட்டர் கொண்டுவரும் எலக்ட்ரீஷியன் சொல்லும் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் அரை ஆம்பியர் என்று காட்டி, 230ஆல் பெருக்கி 115 வாட் என்பார். விலை குறைந்த எஸ்எம்பிஎஸ்களில் பவர் ஃபேக்டர் (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் உண்மையான வாட்டின் பங்கு) 0.6 அளவில்தான் இருக்கும் என்பதால், உண்மையான செலவு 70 வாட்டை ஒட்டியிருக்கும். வீட்டு மீட்டர் பதிவதும் இந்த 70ஐத்தான். பெரிய தொழிற்சாலை இணைப்புகளுக்குக் கணக்கு வேறு.

கம்ப்யூட்டருக்குள்ளேயே எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற மென்பொருள்கள் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் எடுக்கும் வாட்டைக் காட்டும். எந்த நிரல் எவ்வளவு தின்கிறது என்று ஒப்பிட அது நல்ல உதவி. ஆனால் எஸ்எம்பிஎஸ் இழப்பும் மானிட்டரும் அதில் சேராது.

யூபிஎஸ் வாங்கும்போதும் இதே குழப்பம் வரும். 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) என்று விற்பவை பல 360 வாட்தான் தாங்கும். உள்ளே இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 84 வாட்-மணி. 70 வாட் கம்ப்யூட்டர் அதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் என்று காகிதக் கணக்கு சொல்லும். வேகமாக வடியும் பேட்டரியிடமிருந்து நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலே பெரிது. கோல்டு போன்ற தரமான எஸ்எம்பிஎஸ்களில் பவர் ஃபேக்டரைச் சரிசெய்யும் சுற்று இருக்கும். அவற்றில் சில, சைன் அலை தராத சாதாரண யூபிஎஸ்ஸுக்கு மாறும் நொடியில் அணைந்துவிடும். புது எஸ்எம்பிஎஸ் வாங்கியவர்கள் யூபிஎஸ்ஸின் பிளக்கைப் பிடுங்கி ஒருமுறை சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது.

இரண்டு மாதக் கணக்கு

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம். கணக்கர் மேசை மானிட்டரோடு 65 வாட். தினம் எட்டு மணி நேரம் என்றால் 60 நாளில் 31 யூனிட். மாணவர் மேசை மானிட்டரோடு 350 வாட்; தினம் மூன்று மணி நேரம் என்றால் 63 யூனிட். கம்ப்யூட்டர் எந்நேரமும் ஓடும் வீட்டில் இன்னொரு கணக்கும் உண்டு. யாரும் தொடாத 16 மணி நேரம் 45 வாட்டில் விழித்தே கிடந்தால் 43 யூனிட் போய்விடும். கணக்கர் எட்டு மணி நேரம் உழைத்துச் செலவழித்ததைவிட அது அதிகம்.

இந்த யூனிட்டுகளின் விலை எல்லா வீட்டுக்கும் ஒன்றல்ல. கட்டணம் படிப்படியாக ஏறுவதால், கம்ப்யூட்டர் சேர்க்கும் யூனிட் எந்தப் படியில் போய் உட்காருகிறது என்பதே கேள்வி. 2024 ஜூலை கட்டணப்படி 501இலிருந்து 600 வரையிலான ஒவ்வொரு யூனிட்டும் 8.55 ரூபாய். கோடையில் ஏசி ஓடி அந்தப் படியில் நிற்கும் வீட்டில், வீணாகப் போகும் 43 யூனிட் 368 ரூபாய். 400 யூனிட்டுக்குள் முடித்துக்கொள்ளும் வீட்டில் அதே வீண் ஏறக்குறைய பாதி விலைக்கு முடிந்துவிடும்.

எனவே முதலில் கைவைக்க வேண்டிய இடம் ஸ்லீப். பத்து அல்லது பதினைந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் தூங்கும்படி அமைத்துவிட்டால், 45 வாட் ஓரிரண்டு வாட்டாக இறங்கும். வண்ண வண்ணமாக ஓடும் ஸ்கிரீன்சேவர் எதையும் சேமிப்பதில்லை; மானிட்டரையும் சில்லையும் அது விழித்திருக்கவே வைக்கிறது. முழுக்க ஷட் டவுன் செய்தாலும் எஸ்எம்பிஎஸ் 5 வோல்ட் வரிசை ஒன்றை உயிரோடு வைத்திருக்கும். அதற்கு ஒரு வாட் என்றால் இரண்டு மாதத்துக்கு ஒன்றரை யூனிட்கூட ஆகாது. நம் வீடுகளில் பிளக்குக்குப் பக்கத்திலேயே சுவிட்ச் இருக்கிறது என்பதால் அதையும் அணைக்கலாம். ஆனால் பெரிய மிச்சத்தை அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

கேம் ஆடுபவருக்கு மிச்சம் வேறிடத்தில். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் கார்டு நொடிக்கு 140 படம் வரைந்து தள்ளுவதில் பயனில்லை. கேமின் அமைப்பில் 60 என்று கட்டுப்படுத்தினாலே பல கேம்களில் கார்டின் செலவு கணிசமாக விழும். கார்டின் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்குக் குறைத்தால் வேகத்தில் சில சதவீதம்தான் குறையும், சூடும் சத்தமும் தணியும். ஏசி அறையில் ஆடுபவர்களுக்கு இது இரட்டைச் சேமிப்பு. கம்ப்யூட்டர் எடுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் வருகிறது. 320 வாட் வெப்பத்தை வெளியேற்ற ஏசி தன் பங்குக்கு ஏறக்குறைய இன்னொரு 100 வாட் எடுத்துக்கொள்கிறது. அந்த 100 வாட் எந்த லேபிளிலும் இருக்காது, மீட்டரில் மட்டும் ஓடும்.